தொடர்நிலைச் செய்யுளும் பாவித்த இறுவட்டும்

ஒரு கதையையோ ஒரே கருத்தையோ பற்றிக்கொண்டு, முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை குலையாமல் கேட்கும்படி ஆக்கப்பட்ட இசைத்தொகுதிக்கு ‘கொன்செப்ட் அல்பம்’ என்று பெயர். கிறிஸ்தவ றொக் இசையில் இவ்வகை அல்பங்கள் 1970களிலிருந்து வெளிவருகின்றன. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ இப்படி ஒன்று கைக்கு வருமானால், அது பெரும்பாலும் பாவித்த இறுவட்டாகத்தான் வரும். கனடாவிலோ இலண்டனிலோ இருந்து வந்த உறவினர் விட்டுச்சென்றது, சபையின் அலுமாரியில் கிடந்தது, கடையொன்றில் பழைய ஆங்கிலப் புத்தகங்களோடு கட்டாக வந்தது என்று அதற்கு ஏதாவதொரு முற்பிறப்பு இருக்கும். பெட்டி கீறியிருக்கும். உள்ளே ஒருவருடைய பெயர் பேனையால் எழுதப்பட்டிருக்கும்.

தமிழ் அணிநூல் படித்தவருக்கு இந்த வடிவம் புதிதன்று. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தனியே நின்று பொருள் முடிப்பது முத்தகம். வானொலியில் கேட்டு அத்தோடு முடிந்துபோகும் ஒற்றைப் பாட்டை அதற்கு இணை சொல்லலாம். பல செய்யுள்கள் சேர்ந்து ஒரே வினையைக் கொண்டு முடிவது குளகம். ஒரு பாட்டின் ஒலி அடங்குமுன் அடுத்தது தொடங்கி, இரண்டும் ஒருங்கே முடிவெய்தும் இடங்கள் இந்த இனம். பொருள், இடம், காலம், அளவு முதலியவற்றால் பல செய்யுளை ஒரு கட்டாகக் கட்டியது தொகைநிலை. சந்தையில் ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டை அடைத்து விற்கும் எம்பி3 சீடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

எஞ்சியிருப்பது தொடர்நிலை. அது பொருளால் தொடர்வது, சொல்லால் தொடர்வது என இருவகை. காப்பியம் பொருளால் தொடர்கிறது. அந்தாதி சொல்லால் தொடர்கிறது. கொன்செப்ட் அல்பத்தில் இரண்டும் கலந்திருக்கும். கதை பொருளால் தொடுக்கும். தொடக்கத்தில் கேட்ட மெட்டு நடுவிலும் முடிவிலும் வேறு தாளத்தில், வேறு வாத்தியத்தில் திரும்ப வந்து ஒலியால் தொடுக்கும். அந்தாதியில் சொல் பார்க்கும் வேலையை இங்கே மெட்டு பார்க்கிறது. ஆகவே இதைத் தொடர்நிலை அல்பம் என்று அழைப்பதில் பிழையில்லை.

வடிவம் றொக் இசைக்கு முந்தியது. அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்றி 1940இல் வெளியிட்ட ‘டஸ்ட் போல் பலட்ஸ்’, புழுதிப் புயலால் ஊர்விட்டுப் போன உழவர்களைப் பற்றிய பாட்டு வரிசை. 1955இல் ஃபிராங்க் சினாட்ரா தூக்கமற்ற இரவின் தனிமையை மட்டும் பாடி ஒரு தட்டை நிரப்பினார். 1967இல் பீற்றில்ஸ் குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’, 1969இல் த ஹூ குழுவின் ‘டொமி’ என்பவற்றோடு றொக் இசையில் அது நிலைபெற்றது. அன்ட்ரூ லொயிட் வெபரும் டிம் றைஸும் ஆக்கிய ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ மேடை நாடகமாகவே பலருக்குத் தெரியும். ஆனால் 1970இல் அது முதலில் இரட்டை இசைத்தட்டாகவே வந்தது. நியூயோர்க்கில் மேடையேறியது 1971இல். இயேசுவின் கடைசி நாட்களைப் பாடினாலும் உயிர்ப்பைத் தொடாமல் முடிவதால், அதைக் கிறிஸ்தவ றொக் என்று வகைப்படுத்துவது சரியாகாது. விவிலியக் கதை வேறு, விசுவாசப் பாட்டு வேறு.

விசுவாசத்தையே பாடுபொருளாகக் கொண்ட றொக் இசைக்கு லறி நோர்மனின் ‘அப்பொன் திஸ் றொக்’ (1969) தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவர் 1972, 1973, 1976 ஆகிய ஆண்டுகளில் நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்று முக்காலத்தையும் மூன்று அல்பங்களாகப் பாடினார். அவற்றுள் முதலாவதை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. சபைகளோ தொடக்கத்தில் இந்த இசையைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன. டிரம்மும் மின்கித்தாரும் உலகத்துக்குரியவை என்ற எண்ணம் அங்கும் இருந்தது, இங்கும் இருந்தது.

இந்த வகையில் தொடர்ந்து உழைத்தவர் நீல் மோர்ஸ். ஸ்பொக்ஸ் பியேர்ட் என்ற குழுவின் முதன்மைப் பாடகராகவும் பாட்டாக்குநராகவும் இருந்த அவர், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தபின் 2002இல் அக்குழுவை விட்டு விலகினார். மறு ஆண்டு தன் மனமாற்றக் கதையை ‘டெஸ்டிமனி’ என்ற இரட்டை இறுவட்டாக வெளியிட்டார். 2007இல் வந்த ‘சோலா ஸ்கிறிப்சுரா’ மார்ட்டின் லூதரைப் பற்றியது. அதில் மொத்தம் நான்கே பாட்டு. முதற்பாட்டு மட்டும் 29 நிமிடம். நீளத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் நன்றாகப் பதியும். இவ்வளவு நீளமான பாட்டை இடையில் புரட்டாமல் கேட்கக்கூடியதாக்கியது 74 நிமிடக் கொள்ளளவோடு வந்த இறுவட்டு. பாத்திரத்தின் அளவு பாட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. கூத்தின் நீளத்தை ஓர் இரவு தீர்மானிப்பது போன்றதே இது.

தமிழருக்கு மிக நெருங்கிய தொடர்நிலை அல்பம், நீல் மோர்ஸ் குழு 2016 நவம்பரில் வெளியிட்ட ‘த சிமிலிட்டியூட் ஒஃப் எ டிறீம்’. கனவின் பாவனையில் என்பது பொருள். இரண்டு இறுவட்டு, 23 பாட்டு, நூறு நிமிடத்துக்கு மேல். மோர்ஸுடன் டிரம்மில் மைக் போட்நோய், பேஸ் கித்தாரில் றண்டி ஜோர்ஜ், கித்தாரில் எரிக் ஜிலெட், விசைப்பலகையில் பில் ஹூபவர். தலைப்பு ஜோன் பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ நூலின் முழுப்பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நூலின் முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. அனுமதியில்லாமல் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தவர் பன்யன். பாத்திரங்களும் ஊரும் ஆறும் குன்றும் குணங்களின் பெயரையே தாங்கி நிற்கும் உருவகக் கதை அது. முதுகில் பாவச்சுமையோடு நாசப் பட்டணத்தை விட்டுப் புறப்படும் ஒருவன், சேற்றில் புதைந்து, குறுக்குவழி காட்டுவோரிடம் ஏமாந்து, சிலுவையடியில் சுமை நீங்கி, அப்போலியோன் என்ற அரக்கனோடு பொருது, மாயாபுரிச் சந்தையில் துன்புற்று, ஆற்றைக் கடந்து மோட்ச நகரை அடைகிறான்.

அல்பம் இக்கதையைத் தளர்வாகவே தழுவுகிறது. நெடிய பகலைப் பாடும் சிறு பாட்டோடு தொடங்கி, முன்னிசை, கனவு, நாசப் பட்டணம், சேறு என்று முதல் வட்டு நகர்கிறது. முன்னிசை வெறும் வாத்திய இசை. பின்னால் வரவிருக்கும் மெட்டுகளை அது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. முதன்முறை கேட்பவருக்கு அவை மெட்டுகள் மாத்திரமே. இரண்டாம் முறை கேட்கும்போது ஒவ்வொன்றும் இன்ன இடத்துக்குரியது என்று தெரியவரும். இரண்டாம் வட்டில் இரட்சிப்புக்குக் குறுக்குவழி, இரும்புக் கூண்டு மனிதன், சோம்பல், முகமூடி, எதிர்ப்படல், போர் ஆகியவை வருகின்றன. கடைசிப் பாட்டின் பின்பாதியில் முதல் வட்டின் முதற்பாட்டு திரும்பி வருகிறது. அந்தாதியைக் கடைசிச் செய்யுளின் ஈறும் முதற்செய்யுளின் தொடக்கமும் ஒன்றாகும்படி மண்டலித்து முடிப்பது தமிழ் வழக்கு. மோர்ஸுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் செய்திருப்பது அதையேதான்.

பன்யனின் நூலில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் மாயாபுரிச் சந்தையின் பெயரில் அல்பத்தில் ஒரு பாட்டும் இல்லை. சந்தேகக் கோட்டையின் பெயரிலும் இல்லை. 2019 ஜனவரியில் வந்த ‘த கிறேட் அட்வென்ச்சர்’ என்ற இன்னோர் இரட்டை இறுவட்டு, பயணி விட்டுப்போன மகனின் பார்வையில் கதையைத் தொடர்கிறது. ஒன்றை மட்டும் கேட்டவர் பாதிக் காப்பியம் கேட்டவரே.

இதே கதையைத் தமிழில் தொடர்நிலையாக்கியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில், கம்பராமாயணப் பழக்கமுள்ள வைணவக் குடும்பத்தில் பிறந்தார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாளையங்கோட்டையிலிருந்து வந்த ‘நற்போதகம்’ இதழில் 1878இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்ற ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட விருத்தங்கள். கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயர் அவருக்கு இதனால் வந்தது. 1900இல் காலமானார்.

கிருஷ்ணபிள்ளை செய்ததை மொழிபெயர்ப்பு என்று சொல்வது தவறு. பன்யனின் உரைநடை எளிய மனிதரின் பேச்சு. கிருஷ்ணபிள்ளையின் நடை கம்பன் பாதை. பன்யன் விரித்துக் கூறாத இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை காப்பியத்துக்குள் கொண்டுவந்து, நெஞ்சை உருக்கும் இடமாக அதையே ஆக்கினார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கதை ஓடிக்கொண்டிருக்கையில் இடையிடையே தேவார மரபில் இசைப்பாக்களை அவர் அமைத்த முறை. விருத்தம் கதையை நடத்துகிறது. கதை ஓர் உச்சத்தைத் தொட்டவுடன் தேவாரம் எழுகிறது. தொடர்நிலை அல்பத்தில் நீண்ட வாத்தியப் பகுதி கதையை நகர்த்த, மெதுவான பாட்டு வந்து மன்றாட்டாக நிற்பதும் இதே உத்தி. மோர்ஸின் அல்பத்தில் முதல் வட்டை முடித்துவைக்கும் தேவதூதரின் மூச்சு என்ற பாட்டு அப்படி நிற்பது. அதற்குமுன் வந்த முக்கால் மணி நேர ஓசையைக் கேளாமல் அதை மட்டும் எடுத்துக் கேட்டால் நல்ல சபைப்பாட்டு என்பதற்குமேல் ஒன்றும் தோன்றாது.

பாட்டை இப்படிப் பிடுங்கி எடுப்பது றொக் இசைக்கு வந்த புது நோயன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’யைக் குறவஞ்சி இலக்கணப்படி தலைவி, சிங்கி, சிங்கன் என்ற வரிசையில் பாடினார். தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவகம். சிங்கி வருகிறாள், மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள், சிங்கன் தேடி வருகிறான்; ஒவ்வொரு பாட்டுக்கும் தன் இடம் உண்டு. பின்னர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டது முதல், சபைகளில் பாட்டு என்பது எண் சொல்லி எடுக்கும் பொருளாயிற்று. பாமாலைப் புத்தகம் நல்ல தொகைநிலை. பிறப்பு, பாடு, உயிர்ப்பு, திருவிருந்து என்று தலைப்பு வாரியாக அடுக்கி, ஞாயிறு வழிபாட்டுக்கு வேண்டியதைச் சட்டென்று எடுக்க வகைசெய்தது. ஆனால் எந்தப் பாட்டு எந்த நெடும்பாட்டின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைப் பாடுவோர் மறந்தார்கள்.

மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் தொடங்கியது 1814இல், வில்லியம் ஓல்ட் வந்தபோது. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டாலும், மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த 1814ஐத்தான் தன் தொடக்கமாகக் கொள்கிறது. கத்தோலிக்கர் பக்கம் புனித மிக்கேல் கல்லூரியும் இயேசு சபைத் துறவிகளும். ‘யாழ்நூல்’ எழுதிய விபுலாநந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் பிறகு புனித மிக்கேலிலும் படித்தவர் என்பது இசை பற்றிய பேச்சில் மறக்கக்கூடாத செய்தி. வரிசை குலையாத சமயப் பாட்டுக்கும் இங்குள்ள கத்தோலிக்கரிடம் பழைய முன்மாதிரி உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் கோவாவிலிருந்து வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் படிப்படியாகச் சொல்வது. சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் இடம்மாற்றிச் செய்ய எவரும் நினைப்பதில்லை.

ஆனால் தொடர்நிலை அல்பத்தைக் கேட்பதற்கு வேண்டிய காதைப் பழக்கி வைத்திருப்பது கோயில் அன்று, கூத்துக்களரி. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்படுபவை. பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) இவற்றின் அமைப்பை விரிவாகக் காட்டுகிறது. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, சல்லரி தாளம் பிடிக்க, பிற்பாட்டுக்காரர் தருவை வாங்கிப் பாடுவர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு உண்டு. அரசனின் வரவுத்தாளம் வேறு, பெண் பாத்திரத்தின் வரவுத்தாளம் வேறு. மத்தளம் மாறியவுடனே யார் வரப்போகிறார் என்று பழகிய காதுக்குத் தெரிந்துவிடும். நீல் மோர்ஸின் அல்பத்தில் குறிப்பிட்ட மெட்டு காதில் விழுந்ததும் எந்த எண்ணம் திரும்புகிறது என்று கேட்பவருக்குத் தெரிவதும் இப்படித்தான். களரியைச் சுற்றியிருப்பவர்கள் நடுச்சாமத்தில் கண்ணயர்ந்து, போர் தொடங்கும் மத்தளத்துக்கு விழித்துக்கொள்வதுண்டு. நூறு நிமிட அல்பமும் அப்படிக் கேட்கப்படுவதை அனுமதிக்கும். ஒவ்வொரு நொடியும் கூர்ந்து கேட்டாகவேண்டும் என்பது விமர்சகர் விதி. கூத்துப் பார்ப்பவருக்கு அந்த விதி இல்லை. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசௌந்தரி’ போன்ற கதைகளைக் கத்தோலிக்கர் கூத்தாகவே ஆடி வந்திருக்கிறார்கள். நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பெருமேடைக்குக் கொண்டுவந்தது.

இனி வட்டுக்கு வரலாம். இறுவட்டு என்பது 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பொலிகாபனேற்றுத் தகடு. பிலிப்ஸ், சொனி ஆகிய இரு கொம்பனிகளும் சேர்ந்து 1980இல் இதன் தரத்தை வகுத்தன. 1982 ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒலி நொடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத குழிகளாக ஒரே சுருள்தடத்தில் பதிகிறது. தடம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும். நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். அதன்மேல் மெல்லிய அலுமினியப் படலம், அதன்மேல் அரக்குப் பூச்சு, அதன்மேல் பெயர் அச்சு.

இந்த அமைப்பை அறிந்தால் பாவித்த வட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது விளங்கும். பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் இருந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார். உண்மையில் அந்தப் பக்கம்தான் தாங்கும். லேசர் அங்கே ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக்கை ஊடுருவித்தான் குழியைப் படிக்கிறது. சிறு கீறலை அது குவியத்துக்கு வெளியே விட்டுவிடும். தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீற்றர் வரை தரவு அழிந்தாலும் கருவியே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் முறையும் உண்டு. ஆபத்து பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தில். அங்கே அரக்குப் பூச்சுக்குக் கீழே உடனே அலுமினியம். நகம் பட்டாலும் கூர்பேனை பட்டாலும் படலம் பெயர்ந்து, போன பாட்டு போனதுதான். வட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித் துளைபோல ஒளி வரும் இடங்கள் அழிந்த இடங்கள். துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்கக்கூடாது. தடத்தின் வழியே ஓடும் கீறல் ஒரே இடத்தில் நீண்ட தரவைக் கெடுக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் கீறினாலும் தடத்தைக் குறுக்கே வெட்டும், கருவி சமாளித்துக்கொள்ளும். சாரன் தலைப்பால் சுழற்றிச் சுழற்றித் துடைப்பது நம்மூர் வழக்கம். அது வட்டுக்கு நல்லதல்ல.

தொடர்நிலை அல்பத்துக்கு இன்னொரு தனி இடர் இருக்கிறது. தடம் நடுவில் தொடங்குவதால் கடைசிப் பாட்டு வெளிப்புறத்தில் அமைகிறது. விரல் படுவதும், பெட்டிக்கு வெளியே வைத்தால் மேசையில் உரசுவதும் அந்தப் பக்கம்தான். சாதாரணத் தொகுப்பில் கடைசிப் பாட்டுக் கெட்டால் ஒரு பாட்டு நட்டம். நீல் மோர்ஸின் இரண்டாம் வட்டில் கடைசிப் பாட்டுக் கெட்டால், மண்டலித்து முடியும் அந்த முடிச்சே அவிழ்ந்துபோகும். கடையில் போட்டுப் பார்க்க விட்டால் முதற்பாட்டைக் கேட்பதில் பயனில்லை. கடைசிப் பாட்டையும், அதற்கு முந்தியதிலிருந்து அது தொடங்கும் இடத்தையும் கேட்கவேண்டும்.

அந்த இடத்தைக் கேட்பதால் வட்டு மூலப்பதிப்பா, எரித்த நகலா என்பதும் தெரியவரலாம். மூல இறுவட்டில் பாட்டெண் என்பது தடத்தில் இட்ட அடையாளம் மட்டுமே. பாட்டு மாறும்போது ஒலி நிற்பதில்லை. வீட்டுக் கணினியில் பாட்டுப் பாட்டாக எரிக்கும் முறையில் ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு விநாடி மௌனம் விழுகிறது. எம்பி3 ஆக மாற்றினாலும் கோப்பின் இரு முனையிலும் சிறு வெறுமை ஒட்டிக்கொள்ளும். குளகமாகத் தொடுத்த பாட்டுகள் இந்த இரண்டு விநாடியில் முத்தகமாக அறுந்துவிடுகின்றன. கோப்புகளைக் கருவி அகரவரிசைப்படி அடுக்கிவிட்டால் கதையே தலைகீழ்: போர் முடிந்த பிறகு பயணி ஊரைவிட்டுப் புறப்படுவான். கண்ணாலும் அறியலாம். எரித்த வட்டின் அடி பச்சையாகவோ நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். அச்சுப்பதிப்பு வெள்ளி நிறம். 1994க்குப் பின் அச்சிட்ட வட்டுகளில் நடுத்துளையைச் சுற்றி ஆலைக்குறி பொறித்திருப்பது வழக்கம். நகலெடுத்து விற்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வரும் விடயம் என்பதையும் கடைக்காரர் நினைவில் கொள்வது நல்லது.

பெட்டிக்குள் வரும் கைந்நூல் இல்லாத வட்டைப் பாதி விலைக்குமேல் கொடுத்து வாங்கக்கூடாது. தொடர்நிலை அல்பத்தில் யார் பேசுகிறார், எந்த ஊரில் நிற்கிறார் என்பதைச் சொல்வது கைந்நூல். கூத்துக்கு ஏடு எப்படியோ அப்படி. அண்ணாவியாரின் ஏடு தொலைந்த கூத்தைப் பின்னால் ஆடுவது எவ்வளவு பாடு என்று வாவிக்கரையில் கூத்துப் பழக்குவோருக்குச் சொல்லவேண்டியதில்லை. வாடைக்காற்று மழையில் கைந்நூலின் வழுவழுப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் எழுத்தோடு கிழியும். கச்சான் காற்றுக்காலத்தில் புழுதி வட்டின் விளிம்பில் ஏறும். அரக்குப் பூச்சு சரியாக மூடாத விளிம்பு வழியே ஈரம் புகுந்தால் அலுமினியம் துருவேறும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டு ஈரவெப்பத்தில் ஒருவகைப் பூஞ்சணம் வட்டின் உள்ளேயே புகுந்து படலத்தை அழித்ததை 2001இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மட்டக்களப்பின் காற்றும் ஏறத்தாழ அவ்வளவு ஈரம்தான். பெட்டியோடு நிமிர்த்தி, சுவரில் சாயாமல், வெயில் படாத அலுமாரியில் வைப்பதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை.

கேட்கும் கருவியும் இப்போது பாவித்ததாகவே கிடைக்கிறது. புதிய கணினிகளில் வட்டுச் செருகுமிடம் இல்லை, வாகனங்களிலும் எடுத்துவிட்டார்கள். ஆகவே வட்டின் விலை விழுந்துவிட்டது. வயலில் குருவி விரட்டக் கயிற்றில் தொங்குவதும், முச்சக்கரவண்டிக் கண்ணாடியில் மின்னுவதும் பல வட்டுகளின் கடைசித் தொழிலாகிவிட்டன. வெளிநாட்டு அல்பம் ஒன்று அப்படித் தொங்கினால் பெரிய நட்டமில்லை. உலகின் வேறொரு மூலையில் அதன் ஆயிரம் பிரதிகள் இருக்கும்.

மட்டக்களப்பிலேயே பாடி, பதிந்து, ஆலய மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்துச் சில நூறு பிரதிகள் மட்டும் கொடுத்த கிறிஸ்தவப் பாடல் இறுவட்டுகளின் நிலை வேறு. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் கல்லடி, நாவலடிக் கரையோர வீடுகளோடு அங்கிருந்த நாடாக்களும் வட்டுகளும் போயின. எஞ்சியவை இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் வட்டைத் தனியே பிரிக்காமல் உறை, கைந்நூல், வெளியீட்டு அழைப்பிதழ் எல்லாவற்றோடும் ஒரு நூலகத்திடமோ, ஈழத்தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்திடமோ ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்கும்போது பாட்டுகளின் வரிசையை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தால் பிரதி எடுப்பவருக்கு உதவும்.